கடல் கடந்த வீட்டுச் செய்தி

சென்ற திங்கள் நம் சங்கத்தின் கூட்டம் முடிந்து அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. நெடுநாளாக நம் உறுப்பினராக விளங்கும் அம்மையார் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்தார். அவருடைய கணவருக்கு இரண்டு வாரங்களுக்கு முன் நெஞ்சுவலி கண்டது. ஆறு நாட்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். மருமகளுக்கு இது எட்டாம் மாதம்.

“தம்பி, நாள் தவறாமல் கைப்பேசியில் முகம் பார்த்துத்தான் பேசுகிறோம். அவர் கட்டிலில் படுத்திருப்பது தெரியாதபடி கைப்பேசியை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன். ‘அப்பா எங்கே?’ என்று கேட்டால், ‘கடைக்குப் போயிருக்கிறார்’ என்கிறேன். உண்மையைச் சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவான். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைத் தனியே விட்டு வரலாமா? சொல்லாமல் இருப்பதும் நெஞ்சை அறுக்கிறது. நீங்கள் நாலும் படித்தவர்; ஒரு வழி சொல்லுங்கள்” என்றார்.

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. “இரண்டு நாள் பொறுங்கள், அம்மா” என்று மட்டும் சொல்லி வந்தோம். அன்றிரவு இதே கவலையோடு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் எழுதிய மடல்கள் நினைவுக்கு வந்தன. அவற்றை எடுத்து மீண்டும் படித்தோம். எழுதியவர் ஜான் கீட்ஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர். பள்ளிப் பாடத்தில் அவருடைய பாடல்களைப் படித்தவர்கள் நம்முள் பலர் இருப்பார்கள். ஆனால், கடல் கடந்து போன தம்பிக்கு வீட்டுச் செய்தி எழுதிய தமையனாக அவரை அறிந்தவர்கள் சிலரே.

கீட்ஸ் குடும்பம் செல்வக் குடும்பமன்று. தந்தை லண்டனில் குதிரை லாயம் நடத்தியவர். 1804இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். தாய் 1810இல் எலும்புருக்கி நோயால் மாண்டார். மூத்தவர் ஜான். அவருக்குப் பின் ஜார்ஜ், டாம் என்னும் இரு தம்பியர். கடைசியாகப் பானி என்னும் தங்கை. பெற்றோரை இழந்த இந்நால்வருக்கும் ஒருவருக்கொருவரே துணை.

1818ஆம் ஆண்டில் ஜார்ஜுக்கு 21 வயது. தாய்நாட்டில் பிழைப்புக்கு வழி காணாமல் அமெரிக்கா சென்று குடியேற முடிவு செய்தார். மே மாதம் ஜார்ஜியானா என்னும் பெண்ணை மணந்தார். அடுத்த மாதமே கப்பலேறப் புதுமணத் தம்பதியர் லிவர்ப்பூலுக்குப் புறப்பட்டனர். ஜான் அவ்வூர் வரை உடன் சென்று விடைகொடுத்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் சென்ட்ரல் நிலையத்துக்கு வந்து, வண்டி நகரும் வரை சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே, அதுபோன்ற பிரிவு அது. ஆனால், இங்கே வண்டி மூன்றாம் நாள் ஊர் சேர்ந்துவிடும். அங்கே பாய்மரக் கப்பல் அட்லாண்டிக் கடலைக் கடக்க வாரக்கணக்காகும். கரை சேர்ந்த பின்னும் மலைவழியும் ஓகியோ ஆற்று வழியும் சென்றாலன்றிக் கென்டக்கி என்னும் உள்நாட்டுப் பகுதியை அடைய இயலாது. மடலும் அதே வழியாகத்தான் போகவேண்டும்.

ஜார்ஜ் புறப்படும்போதே கடைத்தம்பி டாமுக்குத் தாயைக் கொன்ற அதே நோய் பற்றியிருந்தது. ஜான் மருத்துவம் பயின்றவர். 1816இல் மருத்துவத் தொழில் செய்ய உரிமமும் பெற்றவர். ஆகவே தம்பியின் இருமலுக்குப் பொருள் என்னவென்பதை அவருக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. ஹாம்ஸ்டெட் என்னுமிடத்தில் டாமின் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்த அந்நாட்களில், ஜார்ஜுக்கு எழுத வேண்டும் என்று தினமும் நினைப்பார், எழுதமாட்டார்.

எழுதாமைக்கு ஒரு சாக்கும் கிடைத்திருந்தது. தங்களிடமிருந்து கடிதம் வரும்வரை எவரும் எழுத வேண்டாம் என்று ஜார்ஜ் சொல்லிப் போனதாக ஜார்ஜியானாவின் தாயார் கூறினார். ‘இஃதென்ன வேடிக்கை!’ என்று ஜானுக்குத் தோன்றியதாம். ஆயினும் அதை நம்பிச் சும்மா இருந்துவிட்டார். அங்கோ, பிலடெல்பியாவில் இறங்கிய ஜார்ஜ், இங்கிலாந்திலிருந்து தமக்கு ஒரு மடலும் வரவில்லையே என்று ஏங்கினார். அவ்வேக்கத்தைத் தெரிவிக்கும் கடிதம் வந்து சேர்ந்ததும் ஜானின் உள்ளம் வருந்தியது. 1818 அக்டோபர் 14 அன்று அவர் எழுதத் தொடங்கினார்.

அம்மடலின் தொடக்கமே நம் அம்மையாரின் கேள்விக்கு நேராக நிற்கிறது. டாமின் பொருட்டே இத்தனை நாள் எழுத முடியாமல் இருந்ததை ஜான் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். அவன் தேறவில்லை, மிகவும் மோசமாகியிருக்கிறான் என்னும் உண்மையைச் சொல்லத் தமக்கு மனம் வரவில்லை என்கிறார். எனினும் சொல்லியே தீரவேண்டும் என்று தொடர்கிறார். பின்னர்த் தம்பியையும் தம்பி மனைவியையும் நோக்கி, எது வந்தாலும் என்பொருட்டு நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள், உங்கள்பொருட்டு நான் தாங்கிக்கொள்கிறேன் என்ற கருத்தில் எழுதுகிறார். தனியொருவராகத் துயரைச் சுமந்து அழிந்துவிடாமல் இருப்பதற்கே உடன்பிறப்பு என்னும் உறவு நமக்கு அருளப்பட்டிருக்கிறது என்பது அவர் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் ஜார்ஜியானாவும் கருவுற்றிருந்தாள். 1819ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஓடி வரவும் வழியில்லாத தூரத்தில் இருந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் சொல்லி ஆகப்போவது என்ன என்று ஜான் நினைத்திருக்கலாம். அவர் சொன்னார். அதே மடலில், டாம் நலம்பெற வேண்டும் என்பதற்கு அடுத்தபடியாக, உங்கள் மக்களுள் ஒருவர் அமெரிக்காவின் முதற்கவிஞராக வேண்டும் என்பதே என் வேண்டுதல் என்று எழுதி, பிறக்கப்போகும் பிள்ளைக்காகத் தாலாட்டு ஒன்றும் பாடி வைத்தார். சாவு நெருங்கும் செய்தியும் பிறப்பை வாழ்த்தும் பாடலும் ஒரே உறையில் கடல் கடந்தன.

டிசம்பர் முதல் நாள் டாம் இறந்தார். அவருக்கு வயது 19.

அத்துயரச் செய்தியை வில்லியம் ஹாஸ்லம் என்ற நண்பர் முதலில் எழுதி அனுப்பினார். ஜான் தம் மடலை டிசம்பர் 16 அன்றுதான் தொடங்கினார். ஹாஸ்லத்தின் கடிதம் முன்னரே வந்து முதல் அதிர்ச்சி கழிந்திருக்கும் என்பது ஒன்றே தமக்கு ஆறுதல் என்று எழுதினார். நம் நாட்டிலும் இழவுச் செய்தியை நேரே சொல்லாமல், ‘உடம்பு கடுமையாக இருக்கிறது, உடனே வா’ என்று முன்னதாக ஓர் ஆள்விட்டுச் சொல்லும் வழக்கம் உண்டல்லவா? பிற்கால இங்கிலாந்தில் கறுப்புக் கரையிட்ட தாளிலும் உறையிலும் துக்கச் செய்தி எழுதுவார்கள்; உறையைப் பிரிக்குமுன்பே பெறுபவர் மனத்தைத் திடப்படுத்திக்கொள்வார். இவை மறைக்கும் வழிகளல்ல, சொல்லும் வழிகள். மெல்லச் சொல்வது வேறு, சொல்லாமலே விடுவது வேறு.

டாமின் கடைசி நாட்கள் மிகக் கொடியவை என்பதை ஜான் எழுதினார். ஆயின் இறுதிக் கணம் வேதனையின்றிக் கழிந்தது என்பதையும் எழுதினார். உடன்பிறந்தான் எப்படிப் போனான் என்பதை அறியாமல், தூர தேசத்தில் இரவெல்லாம் பலவாறு எண்ணிப் புழுங்குபவருக்கு இவ்விரு வரிகளின் அருமை தெரியும்.

அம்மடலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு நான் ஷேக்ஸ்பியரில் ஒரு பகுதி படிப்பேன், அதே நேரத்தில் நீங்களும் ஒரு பகுதி படியுங்கள் என்று ஜான் கேட்டுக்கொள்கிறார். அப்படிச் செய்தால், ஒரே அறையில் இருக்கும் கண்ணற்றவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு அருகில் இருப்பார்களோ அவ்வளவு அருகில் நாமும் இருப்போம் என்பது அவர் எண்ணம். லண்டனில் முற்பகல் பத்து மணி என்றால் கென்டக்கியில் பொழுதே புலர்ந்திராது. உலகம் உருண்டை என்பதைக் கவிஞர் கணக்கில் கொள்ளவில்லை போலும்! அந்த ஏற்பாட்டில் நாம் குறை காண மாட்டோம்.

துக்கம் கழிந்தபின் எழுதிய மடல்களே நம்மை மிகவும் கவர்ந்தவை. 1819 பிப்ரவரி 14 அன்று ஒரு மடலைத் தொடங்குகிறார். குடியேறிய இடத்திலிருந்து உங்கள் கடிதம் ஒன்றும் இன்னும் வரவில்லையே, வழியில் தவறியிருக்க வேண்டும் என்று கவலையோடு ஆரம்பிக்கும் அம்மடல் மே மாதம் 3 வரை வளர்ந்துகொண்டே போகிறது. நாட்குறிப்புப் போல அன்றன்று நடந்ததை அன்றன்று எழுதிச் சேர்க்கிறார். அப்படி என்னதான் எழுதினார்?

முதன்முதலாகக் கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்தேன், பந்து பட்டுக் கண் கறுத்துவிட்டது என்று எழுதினார். உடன் தங்கியிருந்த பிரவுன் என்னும் நண்பர் இமையில் அட்டை விட்டு வீக்கத்தைத் தணித்தாராம். ஹைகேட் பக்கம் உலாவியபோது பெருங்கவிஞர் கோல்ரிட்ஜைக் கண்டு ஏறக்குறைய இரண்டு மைல் உடன் நடந்ததை எழுதினார். இராக்குயில், கனவு, பேய் என்று பேச்சு எங்கெங்கோ சென்றதாம். அப்பெரியவர் வரும்போதே குரல் கேட்டது, போனபின்னும் கேட்டுக்கொண்டிருந்தது என்று நகைச்சுவையோடு குறிப்பிட்டார். இன்னோரிரவு, கணப்பில் நெருப்பு அணையும் தறுவாயில் இருக்கிறது என்றும், அதற்கு முதுகுகாட்டி உட்கார்ந்திருக்கிறேன் என்றும் சொல்லி, ஒரு கால் எப்படி இருக்கிறது, மற்றொரு குதிகால் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைக்கூட வருணித்தார். ஜார்ஜியானாவின் தாயாரையும் அவள் உடன்பிறந்தாரையும் பற்றிய செய்திகளையும் அவர் மறவாமல் எழுதி வந்தார். புகுந்த வீட்டாரின் கடிதத்தில் பிறந்த வீட்டுச் செய்தியையும் காணும் பெண்ணின் மகிழ்ச்சியை நம் சகோதரிகளுக்கு நாம் விளக்க வேண்டுமா?

இவற்றின் இடையேதான் ‘சைக்கிக்கு’ என்று அவர் பாடிய பெரும்பாடலும், இரக்கமற்ற மங்கையைப் பற்றிய கதைப்பாடலும் வருகின்றன. இன்று உலகப் புகழ்பெற்ற அப்பாடல்கள், கறுத்த கண்ணைப்போலவே, அன்று தம்பிக்குச் சொல்ல வேண்டிய வீட்டுச் செய்திகளாய் இருந்தன.

சின்னஞ்சிறு செய்திகளை ஏன் எழுத வேண்டும் என்பதற்குரிய காரணத்தையும் அவர் வாயிலாகவே அறிகிறோம். 1819 செப்டம்பரில் வின்செஸ்டர் நகரிலிருந்து எழுதிய மடலில், ஏழாண்டுகளுக்கு ஒருமுறை மனித உடம்பு முழுவதும் புதிதாகிவிடுகிறது என்னும் அக்காலத்து எண்ணத்தை எடுத்துக்கொள்கிறார். அப்படியானால் ஏழாண்டு கழித்துச் சந்திக்கும்போது, பிரியும்போது பற்றிய அதே கைகள் மீண்டும் பற்றிக்கொள்ள மாட்டா என்று கலங்குகிறார். நண்பர்கள் பிரிந்து வாழ்ந்து, முன்பின் அறியாதவர்போல் ஆகிவிடுவதைக் குறிப்பிடுகிறார். இக்கேட்டைத் தவிர்க்க அவர் கண்ட வழி, ஒருவர் மற்றவரை மனத்தில் நிறுத்தி, முயன்று நினைந்து வாழ்வதே. அந்நினைவு உயிரோடிருக்க உணவு வேண்டும். அட்டை கடித்த இமையும் அணையும் நெருப்புமே அவ்வுணவு.

அதே செப்டம்பர் மடலில் இன்னொன்றும் செய்தார். ஓராண்டுக்கு முன்னர், ஜார்ஜ் கப்பலேறிய நாட்களில், ஏரிநாட்டு மலையடிவாரத்திலிருந்து லிவர்ப்பூலுக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். தம்பி மனைவியின் பெயரிலுள்ள எழுத்துகள் வரிதோறும் முதலெழுத்தாய் அமைய ஒரு பாட்டும் அதில் இருந்தது. கப்பல் போய்விட்டமையால் கடிதம் திரும்பிவிட்டது. அதனை அவர் எறிந்துவிடவில்லை. ஓராண்டு கழித்துப் படியெடுத்து அனுப்பினார்.

இனி, ஜான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். பானி பிரான் என்னும் பெண்ணின் மீது கொண்ட காதலைத் தம்பியிடம் அவர் வெளிப்படையாக எழுதவில்லை. அவளுடைய உயரம், மூக்கு, நடை ஆகியவற்றைக் கேலிபோல வருணித்ததோடு சரி. தம் தொண்டைப் புண்ணைப் பற்றியும், இரவுக் காற்றில் வெளியே போகவில்லை என்று போகிறபோக்கில்தான் சொன்னார். பணக்கணக்கும் தெளிவாகவில்லை. அமெரிக்காவில் பணத்தை இழந்த ஜார்ஜ், டாமின் சொத்திலிருந்து பொருள் திரட்ட 1820 ஜனவரியில் லண்டன் வந்து, சில வாரங்களில் திரும்பினார். அவர் கப்பலேறிய சில நாட்களில், பிப்ரவரி 3ஆம் நாள் இரவு, ஜான் இருமலோடு இரத்தம் உமிழ்ந்தார். சகோதரர் இருவரும் பின்னர்ச் சந்திக்கவேயில்லை. ஜான் 1821 பிப்ரவரி 23 அன்று ரோம் நகரில் தம் 25ஆம் வயதில் காலமானார். தமையனை முடையில் விட்டுப் பணத்தோடு போனவர் என்று ஜார்ஜின் மீது பிரவுன் பழி சுமத்தினார். டில்க் என்னும் மற்றொரு நண்பர் ஜார்ஜின் பக்கம் நின்றார். அவ்வழக்கில் அந்நண்பர் இருவரின் நட்பும் முறிந்தது. சொன்ன துயரத்தைக் குடும்பம் தாங்கிக்கொண்டது. தெளிவுபடாத பணம் பகையாய் முளைத்தது.

ஜானின் கடைசி மடல் 1820 நவம்பர் 30 அன்று ரோமிலிருந்து பிரவுனுக்கு எழுதப்பட்டது. பேனா பிடிக்கவும் வலுவற்ற அந்நிலையில் அவர் வைத்த வேண்டுகோள்களுள் ஒன்று, இதைக் கண்டதும் ஜார்ஜுக்கு எழுதி, நான் எப்படியிருக்கிறேன் என்று நீர் ஊகிக்கும் வரை தெரிவித்துவிடும் என்பது. தாமே எழுத இயலாதபோதும் தம்பிக்குச் செய்தி போகாமல் இருக்கக்கூடாது என்று அவர் எண்ணினார்.

ஜார்ஜ் லூயிவில் நகரில் மரம் அறுக்கும் ஆலை நடத்தி முன்னேறி, 1841இல் மறைந்தார். மடல்கள் அக்குடும்பத்தில் இருந்தன. ஜார்ஜியானாவின் இரண்டாம் கணவர் அவற்றைப் படியெடுத்து அனுப்ப, 1848இல் வெளிவந்த கீட்ஸின் வரலாற்று நூலுக்கு அவை பயன்பட்டன.

1840இல் நீராவித் தபால் கப்பல்கள் தவறாமல் ஓடத் தொடங்கின. 1866இல் கடலடித் தந்தி நிலைபெற்றது. செய்தி விரைந்தது, ஆனால் தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. நம் வீடுகளிலும் தந்திக்காரரின் மணி கேட்டால் அடுப்படியில் இருப்பவர் கைநடுங்கிய காலம் உண்டு. 2013இல் இந்நாட்டில் தந்தியும் நின்றது. இன்று காசும் இல்லை, காத்திருத்தலும் இல்லை. ஆயினும், ‘எல்லாரும் சௌக்கியமா?’, ‘சௌக்கியம்’ என்ற இரு சொற்களோடு பேச்சை முடித்துவிடுகிறோமே!

இவ்வடபுலத்து நகருக்கு வந்த நம் பெற்றோர் ஜார்ஜின் நிலையில் இருந்தார்கள். ஊரிலிருந்து வரும் உள்நாட்டுக் கடிதத்தின் ஓரமெல்லாம் நுணுக்கி எழுதியிருந்த, கன்று ஈன்ற செய்தியையும் கிணற்றில் நீர் வற்றிய செய்தியையும் மும்முறை படித்தார்கள். இன்று நம் மக்கள் கடல் கடந்து போக, நாம் ஜானின் இடத்துக்கு வந்திருக்கிறோம். நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்பினால், பிள்ளைகளும் நமக்கு அதையே திருப்பி அனுப்பக் கற்றுக்கொள்வார்கள். இருபுறமும் சௌக்கியம் என்றே இருக்கும். ஒருவரை ஒருவர் அறிய மாட்டோம்.

இரண்டு நாள் கழித்து அம்மையாரிடம் தொலைபேசியில் இக்கதையைச் சொன்னோம். மருத்துவர் கூறியதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள், இப்போது வர வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், முதலில் மகனிடம் சொல்லி மனைவிக்குப் பக்குவமாய்த் தெரிவிக்கும் பொறுப்பை அவனிடம் விடுங்கள் என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “எழுத மனம் வராமல் அவரும் நாளைக் கடத்தினாரா?” என்று மட்டும் கேட்டார்.

இவ்விதழ் அச்சுக்குப் போகுமுன் அவரே அழைத்தார். மகனிடம் சொல்லிவிட்டாராம். அவன் அழுதானாம், மறைத்ததற்குக் கோபித்துக்கொண்டானாம். ஆனால் ஓடி வரவில்லை. பேறுகாலம் முடிந்ததும் வருவதாகச் சொல்லி, கைப்பேசியைக் கட்டில் பக்கம் திருப்பச் சொன்னானாம். தந்தையும் மகனும் அரைமணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

“என்ன பேசினார்கள், அம்மா?” என்று கேட்டோம்.

“நோயைப் பற்றி இரண்டு வார்த்தைதான், தம்பி. மற்றதெல்லாம் மாடித் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியைப் பற்றித்தான்” என்றார்.